டெசிடீரியத்துக்கு ஒரு சைகை

மரம் அறுக்கும் கடைக்கு மேல் மாடியை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? காலை எட்டு மணிக்கு ரம்பம் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறு வரை நிற்காது. ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு கிடையாது. ஒரு டியூஷன் வாத்தியார் எடுத்துப் பார்த்தார், மூன்றே நாளில் மூட்டை கட்டினார். ஒரு வக்கீல் வந்தார், கட்சிக்காரர் சொன்னதையெல்லாம் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டு அவரும் காலி செய்தார். கடைசியில் காது கேளாதோர் மன்றத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஜன்னல் பெரிது, வெளிச்சம் தாராளம், வாடகையோ பாதி. இந்த இடத்துக்கு என்ன குறை என்று அவர்கள் எழுதிக் காட்டிக் கேட்க, கடை முதலாளி பொய் சொல்ல மனமில்லாமல் கீழே ரம்பத்தைக் காட்டினார். அவர்கள் சிரித்த சிரிப்பை அவர் இன்னும் மறக்கவில்லை.

அந்த மாடியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ, அதைக் கையால் காட்டினால் அதுதான் பெயர். மன்றத் தலைவருக்குத் தொப்பை பெரிது. பேன்ட் இறங்கிக்கொண்டே இருக்கும், அவர் இழுத்துக்கொண்டே இருப்பார். ஆகவே அவர் பெல்ட். மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் புருவத்தாலேயே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும் அம்மாள், புருவம். அந்த அம்மாளின் மகள் கன்னக்குழி. சுட்டுவிரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு, அவ்வளவுதான்.

கன்னக்குழிக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால்தான் அவளுக்கு அங்கே வேலை. கேட்காத அப்பாவுக்கும் கேட்காத அம்மாவுக்கும் பிறந்து, வாயால் பேசும் முன்பே கையால் பேசியவள். கோர்ட், ஆஸ்பத்திரி, பேங்க் என்று எங்கே மொழிபெயர்க்க ஆள் வேண்டுமோ அங்கெல்லாம் போவாள். அந்தத் தொழிலுக்கு இரண்டே சட்டம். சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. யார் பேசுகிறாரோ அவராகவே பேச வேண்டும். கூண்டில் நிற்கிற ஆள் ‘நான் திருடினேன்’ என்று கைகாட்டினால், இவளும் வாய் திறந்து ‘நான் திருடினேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“நீ இதுவரைக்கும் கோர்ட்டுல ஒத்துக்கிட்டதுக்கெல்லாம் கணக்குப் போட்டா, ரெண்டு ஆயுள் தண்டனை தேறும்” என்பான் அவள் கணவன். அவன் பஸ் கண்டக்டர்.

இப்போது அவளுக்கு நிறைமாதம். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்றே வாரம். மற்றதெல்லாம் தயார், ஒன்றைத் தவிர. அம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் கன்னக்குழி அம்மா வீட்டுக்கு ஒரு பெட்டியோடு போனாள். குழந்தை அழுதால் பளிச் பளிச்சென்று எரிகிற விளக்கு. நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது.

“இதத் தலைமாட்டுல வெச்சுக்கோ. புள்ள சிணுங்கினாக்கூட எரியும். நீ எதுக்கும் பயப்பட வேணாம்.”

அம்மா விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஊசி மருந்துக் கம்பெனியில் வேலை. பளீரென்ற வெளிச்சத்துக்கு முன்னால் மருந்துக் குப்பியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தூசி துணுக்கு ஏதாவது மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாளைக்கு ஆயிரக்கணக்கில் பார்ப்பாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு துணுக்குகூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. விளக்கையும் அப்படித்தான் பார்த்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள். பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தாள். “ஆனா நான் வரல.”

“ஏன்?”

“லீவு இல்ல.”

“உனக்கு நாப்பது நாள் லீவு இருக்கு. உன் லெட்டரெல்லாம் எழுதித் தர்றதே நான்தான். என்கிட்டயே விடறியா?”

“துவைக்க, சமைக்க ஒரு ஆள் நானே பார்த்து அனுப்பறேன்.”

“ஆள் எதுக்கு? அம்மான்னு ஒருத்தி எதுக்கு இருக்கே?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கைகளால் பேசுகிறவர்கள் வீட்டில் சண்டையை முடிக்க அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. கண்ணை மூடிவிட்டால் எதிராளி எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் உள்ளே போகாது. கன்னக்குழி பத்து நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

வருகிற வழியிலேயே அவள் காரணத்தைக் கண்டுபிடித்தும் விட்டாள். அம்மாவுக்கு ஏக்கம். குழந்தை அழுதால் கேட்காது, சிரித்தால் கேட்காது, முதல் வார்த்தை சொன்னால் கேட்காது. மகள் விஷயத்தில் பட்டதே போதும், பேரக்குழந்தை விஷயத்திலும் அதைப் பட வேண்டுமா என்று ஒதுங்குகிறாள். பாவம். இதை அவள் கணவனிடம் சொன்னபோது அவனும் உச்சுக் கொட்டினான். அப்படி இருவருமாகச் சேர்ந்து அம்மாவுக்காக வருத்தப்பட்டு முடித்தார்கள். அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்த நிலையில்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்தது.

மாதம் ஒரு பேச்சாளரைக் கூப்பிடுவது மன்றத்தின் வழக்கம். பல் டாக்டர் வந்திருக்கிறார், தீயணைப்பு நிலைய அதிகாரி வந்திருக்கிறார். இந்த மாதம் அடுத்த தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர். மெலிந்த ஆள், பளிச்சென்ற சட்டை, கையில் ஒரு கத்தைக் காகிதம். கீழே ரம்பம் கிறீச்சிட, அதை மீறி அவர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். அறுபது பேர் இருந்த அறையில் அந்தச் சத்தத்தால் கஷ்டப்பட்டது இரண்டே பேர், அவரும் கன்னக்குழியும். பேசப் பேச அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்ததால், ஐந்தாவது நிமிஷத்திலேயே பின்வரிசையில் அவருக்குத் துடைப்பு என்று பெயரும் வைத்தாயிற்று. அவருக்குத் தெரியாது.

கன்னக்குழி அவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள். வயிறு இருந்த இருப்பில், இடுப்பருகே செய்ய வேண்டிய சைகைகளை எல்லாம் நெஞ்சுக்கு மேலே கொண்டுவந்து செய்ய வேண்டியிருந்தது. “உன் பேச்சு மாடிப்படி ஏறிப் போயிடுச்சு” என்று முன்வரிசையில் ஒரு பெண் கேலி செய்தாள்.

வாசிப்பின் பயன்களில் ஏழெட்டைச் சொல்லி முடித்த பேராசிரியர் காகிதத்தை மடக்கிவிட்டுச் சபையைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இளகியது.

“உங்களை எல்லாம் பார்க்கும்போது எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஞாபகம் வருது. ரொம்பப் பேருக்குத் தெரியாத வார்த்தை. டெசிடீரியம்.”

கன்னக்குழி அதுவரை கேள்விப்படாத வார்த்தை. கேள்விப்படாததற்கு ஒரே வழிதான், விரலால் எழுத்துக் கூட்டுவது. பத்து எழுத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அறுபது முகங்களில் அறுபது கேள்விக்குறி. பாதிப் பேர் கையை அசைத்து, என்னது அது என்று கேட்டுவிட்டார்கள்.

“சார், அதுக்கு அர்த்தம் கேக்கறாங்க.”

பேராசிரியருக்கு வகுப்பறை திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

“கையில இல்லாத ஒண்ணுக்காக மனசு ஏங்கும் இல்லையா, அதும்மா. ஆனா சாதாரண ஏக்கம் இல்லை. இழந்ததா இருக்கலாம், கடைசி வரைக்கும் கிடைக்காததா இருக்கலாம். இனிமே கிடைக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் போகாது. உள்ளேயே உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு அது சத்தம். ஒரு பாட்டு, ஒரு பறவை, பெத்த புள்ளையோட குரல். அதுக்காக நீங்க ஏங்கறீங்களே, அதுக்குப் பேர்தான் டெசிடீரியம்.”

பெற்ற பிள்ளையின் குரல் என்று கைகாட்டும்போது கன்னக்குழி தன்னை அறியாமல் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அம்மாவின் புருவம் ஒன்று லேசாக மேலே ஏறி நின்றிருந்தது. வேறொன்றும் அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

சபை உருகிப்போகும் என்று பேராசிரியர் எதிர்பார்த்திருக்கலாம். பெல்ட் எழுந்து போய் லைட் சுவிட்சை நாலு தரம் போட்டு அணைத்தார். எல்லோரும் இங்கே பாருங்கள் என்று அர்த்தம்.

“புது வார்த்தை வந்திருக்கு. சைகை வெச்சாகணும்.”

அது மன்றத்தின் பழைய விதி. அந்த மாடிக்குள் எந்தப் புது வார்த்தை வந்தாலும், அதற்கு ஒரு சைகை முடிவாகாமல் அடுத்த வாக்கியம் நகராது. பாஸ்வேர்ட் என்ற வார்த்தை வந்த அன்று ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம் நடந்து, இருவர் வெளிநடப்புச் செய்திருக்கிறார்கள்.

“ஏக்கத்துக்குத்தான் ஏற்கெனவே ஒரு சைகை இருக்கே” என்றார் ஒருவர்.

“அது சாயங்காலம் டீ கிடைக்கலேன்னா வர்ற ஏக்கம். இது தீராதுங்கறார். அதையும் இதையும் ஒண்ணாக் கட்டினா ஞாயமா?”

பேராசிரியர் கன்னக்குழி பக்கம் குனிந்தார். “என்னம்மா நடக்குது? நான் பாக்கியைப் பேசலாமா?”

“விட மாட்டாங்க சார். இது முடியணும்.”

முதலில் எழுந்தவள் முன்வரிசைக் கேலிக்காரி. பக்கத்தில் அவள் புருஷன் நெளிந்தான். அவள் கைகள் பறந்தன. கன்னக்குழி பேராசிரியருக்காக வாய்ப்பேச்சாக்கினாள்.

“எனக்குத் தீராத ஏக்கம் ஒண்ணு இருக்கு. இந்த மனுஷனோட சண்டை போட்டு நான் ஜெயிக்கப்போற நேரமாப் பார்த்து லைட்டை அணைச்சிடறார். பதினாறு வருஷமா இருட்டுல நான் எவ்வளவு நல்ல நல்ல பாயின்ட்டெல்லாம் சொல்லியிருப்பேன். ஒண்ணுகூட அவரைப் போய்ச் சேரல.”

அறை குலுங்கிச் சிரித்தது. புருஷன் எழுந்து நின்று கும்பிட்டான். அவள் காட்டிய சைகை, விளக்கு அணைவதும் விரல்கள் தொங்கிப்போவதும். சிரிப்புக்கு நிறைய ஓட்டு விழுந்தது, சைகைக்குக் குறைவாகத்தான் விழுந்தது.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். “யாரும் சத்தம்னு சொல்லலையே. சத்தத்துக்கு இவங்க ஏங்கலையா? கேளேம்மா.”

கன்னக்குழி கேட்டாள். பெல்ட் தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். “கீழ ரம்பம் ஓடுறது நாற்காலிக் கால்ல தெரியுது. கடை முதலாளி அதைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி மாத்திரை முழுங்கறார். அதைக் கேக்கவா ஏங்கச் சொல்றீங்க?”

பேராசிரியர் சிரித்துவிட்டார். மேடையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்து எழுந்தவர் ஆணி. வேலை செய்யும்போது எப்போதும் உதட்டில் ஆணியைக் கவ்விக்கொண்டிருக்கும் தச்சர். கீழே அலறுகிற அதே ரம்பம் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் பேச்சு எப்போதும் கொஞ்சம் குழறலாக இருக்கும்.

“என் சம்சாரத்துக்குப் பேரு, இந்த ரெண்டு விரலையும் சேர்த்து நெத்தி முடியை ஒதுக்கறது” என்றாள் கன்னக்குழி அவருக்காக. “விரல் போனதுக்கு அப்புறம் பேர் சொல்ல முடியல. இடது கையால சொல்லிப் பார்த்தேன். யாரோ வேற பொம்பளையைக் கூப்பிடற மாதிரி இருந்துச்சு. அவளும் திரும்பிப் பார்க்கல, கோவிச்சுக்கிட்டா. ஆறு வருஷம் பேர் சொல்லாமலே குடும்பம் நடத்தினேன். அப்புறம் அவளும் செத்துப்போயிட்டா.”

இல்லாத விரல்களை அவர் நெற்றிக்குக் கொண்டுபோனார். இருந்த விரல்கள் முடியைத் தொடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் காகிதக் கத்தையைத் தரையில் வைத்தார்.

அப்போதுதான் மூன்றாவது வரிசை ஓரத்தில் அம்மா எழுந்தாள்.

பத்தொன்பது வருஷ மன்ற வாழ்க்கையில் அவள் மேடைப் பக்கம் வந்ததே கிடையாது. இருந்த இடத்திலிருந்தே புருவத்தால் ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறவள். நடந்து வந்து பேராசிரியருக்கு எதிரே, எல்லோருக்கும் கை தெரிகிற மாதிரி ஒருக்களித்து நின்றாள். மகளைப் பார்க்கவில்லை. ஆரம்பித்தாள்.

“நான் மருந்துக் கம்பெனியில குப்பி பார்க்கறேன்” என்றது கன்னக்குழியின் வாய். “எனக்கு ஒரே பொண்ணு.”

அந்த ஒரே பெண் யார் என்று நினைத்ததும் வாய் ஒரு நொடி நின்றது. ஆனால் சட்டம் சட்டம்தான். யார் பேசுகிறாரோ அவர்தான் நான்.

“சார், சத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியாது. பொறந்ததுலேருந்து தெரியாது. என் பொண்ணு குரல் எப்படி இருக்கும்னு நான் ஒரு நாள்கூட யோசிச்சது இல்ல. எனக்கு அவ கையைத் தெரியும். கோவமா இருக்காளா, பசியா இருக்காளா, பொய் சொல்றாளான்னு அவ விரலைப் பார்த்தே சொல்லிடுவேன். குரலைக் கேட்டுட்டு உங்களால அவ்வளவு சொல்ல முடியுமான்னு தெரியல.”

சபையில் நாலைந்து பேர் கையை உயர்த்தி அசைத்தார்கள். அது அவர்கள் கைதட்டல். கன்னக்குழிக்குக் காது மடல் சுட்டது. இருபத்தெட்டு வருஷமாக அவள் அம்மாவுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஒரு விஷயம், அம்மா பட்டியலிலேயே இல்லை.

“ஆனா எனக்கு நீங்க சொன்னது இருக்கு. வேற ஒண்ணுக்கு.”

அம்மாவின் கைகள் மெதுவாக அசைந்தன. அவசரப்படாத, ஒவ்வொரு சொல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கைகள்.

“புள்ளையைத் தூக்கினா உங்களுக்கெல்லாம் வாய் சும்மாத்தானே இருக்கு. தெருவுல பார்ப்பேன். ஒவ்வொரு அம்மாவும் புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு வாயை அசைச்சுக்கிட்டே போவாங்க. அதோ நாய் பாரு, அதோ பஸ் பாருன்னு ஏதோ சொல்லுவாங்க போல. புள்ள அவங்க வாயையே பார்த்துக்கிட்டு இருக்கும். எனக்கு வாய் இங்க இருக்கு.” இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். “புள்ளையைத் தூக்கினா என் வாய் மூடிடும். பேசணும்னா புள்ளையைக் கீழ வைக்கணும். ஒத்தைக் கையால பேசலாம். அது பாதிப் பேச்சு. நாக்குல பாதியை வெட்டிட்டுப் பேசச் சொன்னா நீங்க பேசுவீங்களா?”

பேராசிரியர் இல்லை என்று தலையாட்டினார்.

“அப்ப என் பொண்ணுக்கு எட்டு மாசம். அவங்க அப்பா வெளியூர்ல வெல்டிங் வேலையில இருந்தாரு. நான் மட்டும்தான். ஒரு நாள் ஜுரம் ஏறி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அள்ளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கவுன்ட்டர்ல ஒரு அம்மா என்னமோ கேக்கறாங்க. எத்தனை நாளா ஜுரம், என்ன மருந்து குடுத்தேன், எல்லாம் எனக்குத் தெரியும். எழுதிக் காட்டணும். பேனாவைப் பிடிக்கக் கை இல்ல. பக்கத்துல நின்னவங்ககிட்ட அவளை நீட்டினேன். யாரும் வாங்கல. வேற வழி தெரியாம தரையில படுக்க வெச்சேன்.”

கன்னக்குழிக்கு இந்தக் கதை தெரியாது. குழந்தையில் ஒரு தரம் ஜுரம் வந்தது என்று மட்டும் தெரியும். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. நிறுத்த முடியாது. நிறுத்தினால் அம்மாவின் வாயை மூடுவதாகிவிடும்.

“வெச்ச உடனே சுத்தி இருந்த வாயெல்லாம் அசைஞ்சுது. எனக்குக் கேக்காது சார். ஆனா திட்டு எப்படி இருக்கும்னு வாயைப் பார்த்தாலே தெரியும். பெத்தவதானா இவன்னு கேட்டிருப்பாங்க. அவசரமா எழுதிட்டு அவளைத் தூக்கினேன். டாக்டர் பார்த்தாரு, ஊசி போட்டாரு, பொழைச்சுக்கிட்டா. திரும்பி வர்ற வழியெல்லாம் தோள்லேயே இருந்தா. முழிச்சு என் முகத்தையே பார்க்கறா. ஒண்ணும் இல்லடி, சரியாப் போச்சு, நான் உன்னைக் கீழ வெச்சது உனக்காகத்தான்னு சொல்லணும். சொல்லணும்னா மறுபடியும் கீழ வைக்கணும்.”

பிறகு அம்மா ஒரு சைகை செய்தாள். உள்ளங்கையால் வாயை அடைத்து மூடுகிற சைகை. அந்த மாடியில் யாரும் செய்யாதது. தெருவில் மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் செய்வது. அறுபது பேரும் அடி வாங்கியது போல நிமிர்ந்தார்கள். கன்னக்குழி வாயைத் திறந்தாள். மூடினாள். சட்டம் சட்டம்தான்.

“நான் ஊமை இல்ல. என் கை இருக்கிற வரைக்கும் இல்ல. என் புள்ளையைத் தூக்கிக்கிட்டு இருந்தப்ப மட்டும் நான் ஊமை.”

கீழே ரம்பம் ஒரு பெரிய மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. கன்னக்குழிக்கு அது கேட்கவே இல்லை.

“இப்ப அவளுக்குப் புள்ள பொறக்கப்போகுது. வான்னு கூப்பிடறா. நான் லீவு இல்லேன்னு பொய் சொன்னேன். திரும்ப ஒரு புள்ளையைத் தூக்கிக்கிட்டு வாயடைச்சு நிக்கறதுக்கு எனக்குப் பயம். இத வீட்டுல சொன்னா, அப்ப நான் உனக்குப் பாரமா இருந்தேனான்னு அழுவா. முழுசாச் சொல்ல விட மாட்டா. அதனாலதான் அவ குறுக்கப் பேச முடியாத இடமாப் பார்த்துச் சொல்றேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். கன்னக்குழியால் இரண்டையும் செய்ய முடியவில்லை.

“தூக்கிக்கிட்டே பேசணும் சார். ரெண்டும் ஒரே நேரத்துல. அது நடக்காது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போகல.”

அம்மா முன்கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தொட்டில் போலப் பிடித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்தக் கைகளில் ஒரு கனம் தெரிந்தது. அந்தக் கனத்துக்கு அடியிலிருந்து இரண்டு பக்கமும் விரல்நுனிகள் மட்டும் வெளியே வந்தன. அவை துடித்தன. ஏதோ ஒரு வார்த்தையை ஆரம்பித்து, ஆரம்பித்து, முடிக்க முடியாமல் துடித்தன.

கன்னக்குழி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

முதலில் ஆணிதான் கைகளை மடக்கினார். எட்டு விரலோடு அதே தொட்டில், அதே துடிப்பு. பிறகு கேலிக்காரி. பிறகு அவள் புருஷன். வரிசை வரிசையாக அது பரவிக்கொண்டே போனது. பிள்ளை பெற்றவர்கள், பெறாதவர்கள், கல்யாணமே ஆகாதவர்கள். அறுபது ஜோடிக் கைகள் எதையோ தாங்கிக்கொண்டு, அறுபது ஜோடி விரல்கள் எதையோ சொல்லத் துடித்துக்கொண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் அவ்வளவு விரல்களும் அசைவதைக் கன்னக்குழி பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் பேசுவதையே தொழிலாகக் கொண்டவள் அவள். ஒரு வார்த்தை இப்படிப் பிறப்பதை இதற்கு முன் அவள் பார்த்ததில்லை.

பெல்ட் வழக்கம் போல ஓட்டெடுப்புக்குத் தயாரானார். கை தூக்கச் சொல்ல வேண்டும். யாரிடமும் கை காலியாக இல்லை. அவரிடமும் இல்லை. பேன்ட் இறங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பேராசிரியர் செய்து பார்த்தார். விடைத்தாள் கட்டைச் சுமப்பது போல இருந்தது. ஆணி வந்து அவர் முழங்கையைப் பிடித்து இறக்கி, மணிக்கட்டைத் திருப்பி, சரியாக வைத்துவிட்டார். பேராசிரியர் கைகளை அப்படியே வைத்துக்கொண்டார்.

“முப்பத்திரண்டு வருஷம் இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியிருக்கேம்மா” என்றார் தாழ்ந்த குரலில். “பாக்கிப் பேச்சு இன்னொரு நாள் இருக்கட்டும்.”

மாடிப்படியில் இறங்கும்போது அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை மகளின் இடுப்பில். கீழே அடுக்கி வைத்த மரங்களுக்குப் பக்கத்தில், மரத்தூள் பறக்கிற இடத்தில் நின்றார்கள்.

“ஊரைக் கூட்டி வெச்சுத்தான் சொல்லணுமா?” என்றாள் கன்னக்குழி.

“வீட்டுல சொன்னா நீ விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அப்புறம் என்ன?”

கன்னக்குழி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நீ தூக்க வேணாம். நான் தூக்கிக்கறேன். நீ எதிர்ல நின்னு ரெண்டு கையாலயும் பேசு. எவ்வளவு வேணும்னாலும் பேசு.”

“நீயே எழுந்து நடக்க நாளாகும்.”

“உன் மாப்பிள்ளை தூக்குவார்.”

“அவரா? டிக்கெட் கட்டைப் புடிக்கற மாதிரி அக்குள்ல இடுக்கிக்குவார். நல்ல ஆளைச் சொன்னே.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தூக்கவும் வேணும்டி.”

கன்னக்குழி யோசித்தாள். கோர்ட்டில், ஆஸ்பத்திரியில், எத்தனையோ சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவள். இதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

“அதுக்கு வழி இல்லம்மா.”

“அதைத்தான் அவ்வளவு நேரம் மேல சொன்னேன்.” அம்மா மகளின் புடவையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். பிறகு, ஏதோ பஸ் நேரம் விசாரிப்பது போல, “எந்தத் தேதி சொல்லியிருக்காங்க?” என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே பெண் குழந்தை பிறந்தது. நடுப்பகல். கண்டக்டர் பாதி ட்ரிப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து, தோளில் பையோடு வராந்தாவில் நின்றான். அம்மா விடிந்ததிலிருந்தே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். நாற்பது நாள் லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா ஒரு நொடி தன் கைகளைப் பார்த்தாள். பிறகு நீட்டி வாங்கினாள். ஒரு கை தலைக்கு அடியில், ஒரு கை முதுகுக்கு அடியில். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“பேத்தி யார் ஜாடை பாட்டிம்மா?” என்றாள் நர்ஸ். இன்னொரு தரம் கேட்டுவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினாள். “இவங்களுக்குப் பேச வராதா?”

“நல்லா வரும்” என்றாள் கன்னக்குழி. “இப்ப கை காலியா இல்ல. காலியாச்சுன்னா யாராலயும் நிறுத்த முடியாது.”

நர்ஸுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனாள்.

குழந்தை கண்ணைத் திறந்தது. எங்கேயோ பார்த்தது, பிறகு அம்மாவின் முகத்தில் வந்து நின்றது. அம்மாவும் பார்த்தாள். அம்மாவுக்குள் இருபத்தெட்டு வருஷத்துப் பேச்சு இருந்தது என்பது கன்னக்குழிக்குத் தெரியும். படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். கொடு, நான் வைத்துக்கொள்கிறேன், நீ பேசு.

அம்மா தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது. அதைச் சொல்லக்கூட அவளிடம் கை இல்லை.